வண்டி நிற்கும்போது முதலாளியைப் பாருங்கள்

(கனரக வாகன ஓட்டுநர் உரிமம் எடுத்துள்ள, எடுக்கவிருக்கும் இளைஞர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் கோலியனூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோலியனூர் கூட்டுரோட்டில் அரை மணி நேரம் நின்றால் போதும், லாரித் தொழிலின் அத்தனை வகையும் கண்ணெதிரே போய்விடும். மேற்கே விழுப்புரம், கிழக்கே புதுச்சேரி. வடக்கே விக்கிரவாண்டி போனால் சென்னை நெடுஞ்சாலை. தெற்கே பண்ருட்டி, நெய்வேலி, கும்பகோணம், தஞ்சாவூர். வானூர் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிய டிப்பர் போகும். பண்ருட்டியிலிருந்து பலாவும் முந்திரியும் வரும். சீசனில் முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு போகும். மரக்காணத்து உப்பு, திண்டிவனத்து நெல், சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் என எல்லாம் நம் மாவட்டத்துச் சாலைகளில்தான் ஓடுகின்றன. இவற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஸ்டியரிங் பிடிக்கும் ஆசை வருவதில் வியப்பில்லை. அந்த ஆசையை நான் குறைத்துப் பேச வரவில்லை. இது கௌரவமான தொழில். நாம் உண்ணும் அரிசி முதல் வீடு கட்டும் கம்பி வரை ஒரு டிரைவர் கண்விழித்துக் கொண்டுவந்து சேர்த்ததுதான்.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். எந்த லாரி ஓட்டுவது, எந்த ஸ்கூலில் பழகுவது, எந்த ஏஜென்ட்டைப் பிடித்து லைசென்ஸ் எடுப்பது என்று பத்துப் பேரைக் கேட்கிற பிள்ளை, யாரிடம் வேலைக்குச் சேர்வது என்று ஒருவரையும் கேட்பதில்லை. யார் முதலில் சாவியைக் கொடுக்கிறாரோ அவரிடம் ஏறிவிடுகிறான். விபத்து இழப்பீட்டு வழக்குகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் வழக்கறிஞன் நான். என் மேசைக்கு வந்த துயரங்களில் பெரும்பகுதி சாலையில் தொடங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த அந்த முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. அதனால் இன்று முதலாளியைத் தேர்ந்தெடுப்பது பற்றி மட்டும் பேசுகிறேன்.

வண்டி ஓடும்போது எல்லா முதலாளியும் நல்லவர்தான். டீசல் போட்டுக் கொடுப்பார், படி கொடுப்பார், தோளில் தட்டிக் கொடுப்பார். வண்டி நிற்கும்போதுதான் ஆளைத் தெரியும். லோடுக்காக நிற்கும்போது, ரிப்பேராகி நிற்கும்போது, விபத்தாகி நிற்கும்போது, டிரைவர் காய்ச்சலில் படுத்து வண்டி ஷெட்டில் நிற்கும்போது அந்த மனிதர் என்ன செய்கிறார்? சேருவதற்கு முன் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

முதலில் லைசென்ஸ் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகுரக உரிமம் எடுத்து ஓராண்டு ஆன பிறகுதான் கனரகத்துக்குப் பழகுநர் உரிமமே கிடைக்கும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதியை 2019இல் எடுத்துவிட்டார்கள். கனரக உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, சாதாரண கார் லைசென்ஸ் இருந்தால் லாரியே ஓட்டலாம் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அந்தத் தீர்ப்பு 7,500 கிலோவுக்கு உட்பட்ட சிறிய சரக்கு வண்டிகளுக்கு மட்டும்தான். டிப்பருக்கும் டாரஸ் போன்ற கனரக லாரிக்கும் பொருந்தாது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உங்கள் லைசென்ஸை வாங்கிப் பார்க்காத முதலாளியிடம் சேராதீர்கள். சேர வந்தவனிடம் தேதி சரியா, கனரகம் ஏறியிருக்கிறதா, கியர் போடத் தெரிகிறதா என்று சோதிக்காமல் "ஏறுப்பா, பாத்துக்கலாம்" என்று சொல்பவர் நம்பிக்கை வைத்துச் சொல்லவில்லை. அவருக்கு அவசரம். சரியான உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டைக் கட்டிவிட்டு உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கும். அந்தப் பயம் உள்ள முதலாளிதான் உங்கள் காகிதத்தைத் துருவிப் பார்ப்பார். அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்து உங்களை ஓட்டவைத்துப் பார்ப்பவரிடம் கோபப்படாதீர்கள். அவர் தன் வண்டிக்கும் கணக்குப் பார்க்கிறார், உங்கள் உயிருக்கும் கணக்குப் பார்க்கிறார்.

அதே நேரத்தில் ஒரிஜினல் லைசென்ஸை அவர் கையில் விட்டுவிட்டு வராதீர்கள். நகல் கொடுங்கள், போதும். "வேலையை விட்டுப் போகும்போது வாங்கிக்கோ" என்று பீரோவில் வைத்துப் பூட்டுபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் உரிமம் பீரோவில் இருந்தால் நீங்களும் அந்தப் பீரோவில்தான் இருக்கிறீர்கள்.

இப்போது அட்வான்ஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்த மாவட்டத்துக்கு அட்வான்ஸ் என்றால் என்னவென்று தெரியும். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கரும்பு வெட்டுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியூர் போனவர்கள் இருக்கிறார்கள். முன்பணம் கொடுத்தவர் சொல்லும் கூலிக்கு, சொல்லும் நாள் வரை, வெளியே போக முடியாமல் உழைக்க நேர்ந்தால் அது கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அதைத்தான் தடுக்கிறது. சூளையில் அதைக் குற்றம் என்று தெரிந்துகொண்ட நாம், லாரியில் அதே உருவத்தைப் பார்த்தால் "முதலாளி நல்லவர், கேட்டதும் அம்பதாயிரம் கொடுத்தார்" என்று மெச்சுகிறோம்.

எல்லா முன்பணமும் தவறில்லை. அக்கா கல்யாணத்துக்கும் அம்மா ஆஸ்பத்திரிச் செலவுக்கும் முதலாளி கைகொடுப்பது நல்ல பழக்கம்தான். சேரும்போதே, கேட்காமலே, பெரிய தொகையை நீட்டுபவரைப் பற்றித்தான் எச்சரிக்கிறேன். அந்தப் பணம் எப்படிக் கழியும் என்று எழுதித் தருகிறாரா என்று பாருங்கள். மாதம் எவ்வளவு பிடிப்பார், வேலையை விட்டால் மீதியை எத்தனை தவணையில் கட்டலாம் என்பது தாளில் இருக்க வேண்டும், அந்தத் தாளின் ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். வெற்றுத்தாளிலோ புரோநோட்டிலோ கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். டிரைவர் பஞ்சம் என்று உரிமையாளர்கள் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கும் காலம் இது. இன்னொரு வண்டி கிடைக்கும்.

அடுத்தது நிற்கும் நேரம். லாரி டிரைவரின் வாழ்க்கையில் ஓட்டும் நேரத்துக்குச் சமமாக நிற்கும் நேரமும் உண்டு என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. கரும்பு லாரி ஆலை வாசலில் வரிசையில் நிற்கும். கன்டெய்னர் டிரெய்லர் துறைமுகத்தில் நிற்கும். நெல் லாரி குடோனில் இறக்க ஆள் இல்லாமல் நிற்கும். அந்த நேரத்துக்கு யார் காசு கொடுப்பது? மாதச் சம்பளமும் நாள்படியும் உள்ள இடத்தில் நின்றாலும் படி உண்டு. டிரிப்புக்கு இவ்வளவு என்றும், வாடகையில் இத்தனை சதவீதம் என்றும் பேசிய இடத்தில் நின்ற நாள் உங்கள் நாள் இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பல பெரிய ஒப்பந்தங்களில், சொன்ன நேரத்துக்கு மேல் வண்டியை நிறுத்திவைத்தால் சரக்குக்காரர் லாரி உரிமையாளருக்கு ஹால்டிங் பணம் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் டிரைவர் வரை வருகிறதா என்று கேளுங்கள். இந்தக் கேள்வி ஒன்றுக்கு வரும் பதிலிலேயே பாதி முதலாளி தெரிந்துவிடுவார்.

ஒரு டிரைவரின் டிரிப் நோட்டு வழக்குக்காக என்னிடம் வந்தது. நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு, எண்ணெய்க் கறை. ஒவ்வொரு டிரிப்புக்கும் ஒரு பக்கம். இடது ஓரத்தில் கிலோமீட்டர். அதற்குக் கீழே டீசல், எடைமேடை, ஏற்றுக்கூலி, தார்ப்பாய், பஞ்சர், வழிச்செலவு. டோல் பாஸ்ட்டேக்கில் போய்விடுவதால் அந்த இடம் காலி. வலது பக்கம் வேறு கையெழுத்து, முதலாளியுடையது. ஏற்றுக்கூலியில் பாதியை அடித்திருந்தார். பஞ்சரை முழுதாக அடித்திருந்தார். பக்கத்தின் அடியில் "டீசல் ஷார்ட்" என்று எழுதி ஒரு தொகையைக் கழித்திருந்தார். அடுத்த பக்கத்திலும் டீசல் ஷார்ட். அதற்கடுத்ததிலும். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு கணக்கை அவர் மனதில் வைத்திருக்கிறார். ஏற்றிப் போனாலும் காலியாகத் திரும்பினாலும், மலைப்பாதை ஏறினாலும், நெரிசலில் இன்ஜினை அணைக்க முடியாமல் நின்றாலும் அதே கணக்கு. அந்த நோட்டை முழுதாகப் புரட்டினேன். அந்த மனிதர் மாதக் கடைசியில் முதலாளிக்கே பாக்கிக்காரராக இருந்தார்.

ஆகவே சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காதீர்கள். மைலேஜ் எப்படிக் கட்டியிருக்கிறீர்கள், லோடுக்கு ஒன்று காலிக்கு ஒன்றா, பஞ்சர் யார் செலவு, டயர் வெடித்தால் யார் தலையில், போலீஸ் ஃபைன் யார் தலையில், டிரிப் முடிந்து எத்தனை நாளில் செட்டில்மென்ட் என்று கேளுங்கள். இதைக் கேட்டால் வேலை கொடுக்க மாட்டார் என்று பயப்படாதீர்கள். இதைக் கேட்டதற்காக வேலை தராதவரிடம் தப்பித்தீர்கள்.

குவாரி டிப்பரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். திருவக்கரை, வானூர் பக்கம் வேலை பக்கத்திலேயே கிடைக்கிறது, இரவு வீட்டுக்கு வந்துவிடலாம், கையில் அன்றன்றைக்குக் காசு. புதிதாக வரும் பிள்ளைகளில் பலர் முதலில் அதில்தான் ஏறுகிறார்கள். நடைக்கு இவ்வளவு என்பது அங்கே பேச்சு. நடை கூடக் கூடக் காசு. அதனால் கால் ஆக்சிலேட்டரை விட்டு எடுக்காது. பள்ளி விடும் நேரத்தில் ஊருக்குள் டிப்பர் பறப்பதற்குக் காரணம் டிரைவரின் திமிர் என்று நாம் திட்டுகிறோம். கூலிப் பேச்சை யாரும் திட்டுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006ஆம் ஆண்டின் 561ஆம் எண் ஒழுங்குவிதி ஒன்று உண்டு. ஓடிய தூரத்துக்கோ, சேர்த்த வேகத்துக்கோ, ஏற்றிய எடைக்கோ தகுந்தபடி டிரைவருக்குக் காசு கொடுத்து, அதனால் சாலைப் பாதுகாப்புக்குக் கேடு வரும் என்றால் அப்படிக் கொடுப்பதையே அது தடை செய்கிறது. நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் பொதுவாக ஓட்டக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. நம் நாட்டில் அப்படிக் கூலி முறையைத் தொடும் சட்டம் வரவேண்டும் என்று நான் விரும்புகிறேன். வரும்வரை, தினக்கூலியோ மாதச் சம்பளமோ கொடுக்கும் குவாரி முதலாளி கிடைத்தால், கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அங்கே போங்கள்.

டிப்பரில் இன்னும் இரண்டு ஆபத்து. ஒன்று ஓவர்லோடு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக எடைக்கு 20,000 ரூபாய், மேலும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் அபராதம். பிடிபடும்போது வண்டியில் இருப்பது நீங்கள்தான், முதலாளி இல்லை. பிரேக் பிடிக்காமல் போகும்போதும் வண்டியில் இருப்பது நீங்கள்தான். மற்றொன்று நடைச்சீட்டு. கனிமம் ஏற்றிய வண்டிக்கு அந்தச் சீட்டு இல்லையென்றால், அல்லது ஒரே சீட்டில் இரண்டாம் நடை ஓட்டினால், 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி வண்டி பறிமுதல், வழக்கு. வழக்கில் முதல் பெயர் பெரும்பாலும் டிரைவருடையது. முதலாளியின் பெயர் வரும்போது அவர் ஜாமீனோடு வருவார். புதுச்சேரியிலிருந்து வரும் லோடுக்கும் இதையே சொல்வேன். தார்ப்பாய்க்கு அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்காமல் கயிறு கட்டாதீர்கள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே மதுபாட்டில் இருந்தது எனக்குத் தெரியாது என்று எல்லையில் நின்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். பில்லையும் லோடையும் ஒப்பிட்டுப் பார்க்க விடாத முதலாளி, காரணத்தோடுதான் விடமாட்டேன் என்கிறார்.

நீண்ட தூரம் போக விரும்புபவர்கள் நாமக்கல், சங்ககிரி பக்கம் போகிறார்கள். பாடி கட்டுவதிலிருந்து எல்.பி.ஜி. டேங்கர் வரை தமிழ்நாட்டு லாரித் தொழிலின் மையம் அதுதான். டிரைவர் பயிற்சிக்கும் அங்கே நல்ல ஏற்பாடு உண்டு. டேங்கருக்குப் போகிறவர்களுக்கு அபாயகரமான சரக்கு ஏற்றத் தனிப் பயிற்சியும் உரிமத்தில் மேற்குறிப்பும் வேண்டும். லைன் வண்டியில் ஏறும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: கூட யார் வருகிறார்கள்?

நேஷனல் பர்மிட் லாரியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2018இல் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டார்கள். இன்று கிளீனர் இல்லாமல் ஒற்றை ஆளாக வட இந்தியா வரை போய் வருபவர்கள் ஏராளம். 2025 மார்ச்சில் தென்மண்டல எல்.பி.ஜி. டேங்கர் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எண்ணெய் நிறுவனங்கள் கொண்டுவந்த புதிய ஒப்பந்த விதிகளுக்கு எதிர்ப்பு. மாற்று டிரைவரோ கிளீனரோ இல்லாமல் வண்டி வந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்பதும் அவர்கள் எதிர்த்த விதிகளில் ஒன்று. ஆள் கிடைக்காத கஷ்டம் உரிமையாளர்களுக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எரிவாயு ஏற்றிய வண்டியில் கண்ணயர்ந்தால் மாற்றிவிட இன்னொருவர் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. இரண்டாவது ஆளை அனுப்பும் முதலாளி சில ஆயிரம் குறைத்துக் கொடுத்தாலும் அவரே மேல்.

எத்தனை மணி நேரம் ஓட்டலாம்? 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வகுத்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு என்றது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு அது பொருந்தியது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, அந்தச் சட்டம் பணிப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. எட்டு மணி நேரம் அடிப்படையாக நீடிக்கிறது. பத்துத் தொழிலாளர் உள்ள நிறுவனம் என்று வரம்பு மாறியிருக்கிறது. சிறிய லாரி ஷெட்டுகள் பல இதனால் வெளியே விடப்படுவது எனக்கு ஏற்பில்லை. ஆனால் உள்ளே வரும் நிறுவனங்களுக்கு ஒரு கடமை தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது: ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். அதைக் கேளுங்கள். கேட்பது உரிமை.

"விடிவதற்குள் சேர்க்கணும்" என்று போனில் விரட்டுபவர்களுக்கு ஒரு பதிலும் சட்டத்தில் இருக்கிறது. சரக்குக்கான இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லுபடியாகிறது. 600 கிலோமீட்டர் என்றால் மூன்று நாள். அரசே மூன்று நாள் கொடுத்த தூரத்தை ஒரே இரவில் ஓடச் சொல்பவர் உங்கள் தூக்கத்தை விற்றுக் காசு பார்க்கிறார்.

இனி, எதைவிடவும் முக்கியமான ஒன்று. சம்பளத்தைக் கையில் வாங்காதீர்கள், வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வேலையில் இருக்கும்போது விபத்தில் தொழிலாளி இறந்தால், மாத ஊதியத்தில் பாதியை, வயதுக்கு உரிய ஒரு காரணியால் பெருக்கி இழப்பீடு கணக்கிடுவார்கள். 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த முறை இது, இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. 25 வயதுக்குக் காரணி 216.91. மாத ஊதியத்துக்கு 2020இல் வைத்த உச்சவரம்பு 15,000 ரூபாய். அந்த 15,000 காகிதத்தில் இருந்தால், 7,500ஐ 216.91ஆல் பெருக்கி 16,26,825 ரூபாய். அதே பையன், அதே வண்டி, அதே விபத்து. முதலாளி கொடுத்த சான்றில் மாதம் 8,000 என்று எழுதியிருந்தால் 8,67,640 ரூபாய். ஏழரை லட்சத்துக்கு மேல் ஒரு குடும்பம் இழக்கிறது. பையன் உண்மையில் இருபதாயிரம் வாங்கிக்கொண்டிருந்தான் என்று அவன் அம்மா கூண்டில் நின்று அழுதால், ஆதாரம் எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்கும். வங்கிப் பதிவு இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. போன் வழியாக அனுப்பும் பணமானாலும் பதிவு பதிவுதான்.

இந்த இழப்பீட்டைப் பெரும்பாலும் லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனிதான் கொடுக்கும், பாலிசி உயிரோடு இருந்தால். பாலிசி காலாவதியாகியிருந்தால் தீர்ப்பு உரிமையாளர் மேல் வரும். அவர் ஒற்றை வண்டிக்காரராக இருந்து, அந்த வண்டியும் கடனில் இருந்து, விபத்தில் நொறுங்கியும் போயிருந்தால் குடும்பத்தின் கையில் தீர்ப்பு நகல் மட்டும்தான் இருக்கும். அப்படிப்பட்ட நகல்களை நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதனால் வேலைக்குப் பேசப் போகும்போது வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எம்-பரிவாகன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை, எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எதுவரை என்று தெரிந்துவிடும். எட்டு வருடம் வரை உள்ள வண்டிக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுக்கொருமுறை எஃப்.சி. காட்ட வேண்டும். பிறகு வண்டியைச் சுற்றி நடந்து பாருங்கள். முன் சக்கரத்து டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, ஏர் பிரேக்கில் காற்று கசிகிற சத்தம் வருகிறதா, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கட்டை இருக்கிறதா, கேபினில் காலை நீட்டிப் படுக்க இடம் இருக்கிறதா? 2025 முதல் தயாராகும் கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயமாகியிருக்கிறது. பழைய வண்டியில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒரு மின்விசிறியாவது சுழல்கிறதா என்று பாருங்கள். வண்டியை எப்படி வைத்திருக்கிறாரோ அப்படித்தான் ஓட்டுபவரையும் வைத்திருப்பார்.

விபத்து நடந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜனவரியில் நாடு முழுவதும் லாரிகள் நின்றது நினைவிருக்கும். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் இரண்டாம் உட்பிரிவு, விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பினால் பத்தாண்டு வரை சிறை என்றது. போராட்டத்துக்குப் பிறகு அரசு அந்த உட்பிரிவை நடைமுறைப்படுத்தாமல் நிறுத்திவைத்தது. அன்று டிரைவர்கள் சொன்னது என்ன? இறங்கி நின்றால் கூட்டம் அடிக்கிறது. அது உண்மை. அடிபட்டவரைச் சாலையில் விட்டுப் போவதும் ஏற்க முடியாதது, அதுவும் உண்மை. இரண்டுக்கும் நடுவே டிரைவருக்கு இருக்கும் ஒரே துணை, நள்ளிரவு இரண்டு மணிக்குப் போனை எடுக்கும் முதலாளி. 108க்குச் சொல், பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போ, நான் வக்கீலோடு வருகிறேன் என்று சொல்பவர். அப்படி ஒரு நெருக்கடியில் இதற்கு முன் இவர் என்ன செய்தார் என்று விசாரியுங்கள். அவரிடம் கேட்காதீர்கள். அவரிடம் முன்பு ஓட்டியவரிடம் கேளுங்கள், பஞ்சர் கடைக்காரரிடம் கேளுங்கள், லாரி ஆபீஸ் எதிரே டீக்கடையில் கேளுங்கள். பெண் கொடுக்கும் வீட்டில் எப்படி நாலு பக்கம் விசாரிக்கிறோமோ அப்படி விசாரியுங்கள். "முன்னாடி ஓட்டினவர் ஏன் போனார்?" என்பதுதான் முதல் கேள்வி. ஒரே வருடத்தில் நான்கு டிரைவர் மாறியிருந்தால் நான்கு பேரும் கெட்டவர்களாக இருக்க வாய்ப்பில்லை.

பெரிய கம்பெனி நல்லது, சின்ன முதலாளி மோசம் என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரிய பெயர் வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும், சம்பளம் கொடுப்பவர் மூன்றாம் கை காண்ட்ராக்டராக இருப்பார். பி.எஃப்., இ.எஸ்.ஐ. யார் பெயரில் கட்டுகிறார்கள் என்று கேட்டால் அவிழ்ந்துவிடும். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் இ.எஸ்.ஐ., இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் பி.எஃப். கட்டியாக வேண்டும். மறுபக்கம், தானே இருபது வருடம் ஓட்டி, கடன் வாங்கி, ஒரு வண்டி வாங்கிய நம் ஊர் ஆள் இருப்பார். அவருக்குப் புதுப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கத் தெரியும், தூக்கம் வந்தால் ஓரங்கட்டு என்று சொல்லத் தெரியும். தொடக்கத்து இரண்டு வருடத்துக்கு அப்படி ஒருவர் கிடைத்தால் அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது. அவரிடம் பி.எஃப். இருக்காது. அதற்காக அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

வளைகுடா நாடுகளுக்கு டிரெய்லர் ஓட்டப் போக நினைப்பவர்களுக்கும் இதே விசாரணைதான். ஏஜென்ட் மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சேவைக் கட்டணமாக அவர் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். லட்சங்களில் கேட்பவர் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். பையன் எந்த வண்டியில், எந்த எண், யாருடைய வண்டி, முதலாளி போன் நம்பர் என்ன, இந்த நான்கும் வீட்டுச் சுவரில் எழுதியிருக்கட்டும். முன்பணம் வாங்குகிற முடிவைப் பையனிடம் மட்டும் விடாதீர்கள், நீங்களும் பையனை வைத்து வாங்காதீர்கள்.

கடைசியாக, பின்வரிசையில் கைகட்டி நிற்கும் அண்ணன்மார்களே, இந்தத் தொழிலில் முடி நரைத்தவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த ஷெட்டில் கணக்கு நேர்மை, எந்த முதலாளி விபத்தன்று போனை அணைத்தார், எங்கே டீசல் ஷார்ட் எழுதுகிறார்கள் என்பதெல்லாம் நான் சொன்னதைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஏதோ ஒரு சங்கோஜத்தில், நமக்கேன் வம்பு என்று, அதை உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறீர்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போகும் முன் இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒருவனையாவது கூப்பிட்டு, நீங்கள் ஓட்டிய இடங்களில் எது நல்ல இடம் என்று பெயரோடு சொல்லிவிட்டுப் போங்கள்.